பழைய பிக்கப்பின் பின் சக்கர பிரேக்: லைனிங் மட்டும் மாற்றினால் போதுமா?

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கேயுள்ள கிராமத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2005ஆம் ஆண்டு டீசல் பிக்கப்பில் பிரேக் பெடல் முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது; அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலேறி நின்று பிடிக்கிறது; நெல் ஏற்றி வரும்போது அழுத்திப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது; வலப்பக்கப் பின் சக்கரத்தின் உட்புறம் ஈரம் வழிந்திருக்கிறது; ஹேண்ட் பிரேக் பெயரளவுக்கே இருக்கிறது. பட்டறையில் லைனிங் (பிரேக் ஷூவின் மேல் பதித்த உராய்வுப் பட்டை) மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது போதுமா, அந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுக்குத்தான் லைனிங் தேய்மானம் நேரான காரணம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புது லைனிங்கைப் போட்டால், அதுவும் ஒரு போகம் முடிவதற்குள் எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும்.

முதலில் பெடல் சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, அடுத்த மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், லைனிங்கைத் தாங்கும் வளைந்த ஷூவுக்கும், சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோயிருக்கும். மேலே வந்த பெடல் பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ வெளியே ஒழுகுகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் (பிஸ்டனின் ரப்பர் அடைப்பு) தேய்ந்து எண்ணெய் பின்னுக்கு நழுவுகிறது. இந்தச் சோதனையை என்ஜினை நிறுத்தி, மிதிக்கு உதவும் பூஸ்டரில் தேங்கிய வேக்குவம் தீரும்வரை பெடலை நான்கைந்து முறை மிதித்துவிட்டுச் செய்யுங்கள். அதன்பின் என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சற்றே இறங்குவது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்; அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

மலைப்பாதையில் ஓடும் வண்டியின் பிரேக்கைச் சூடு கெடுக்கிறது. நம் காவிரிப் படுகையில் இறக்கமே இல்லாததால் லைனிங் கருகுவது அபூர்வம். இங்கே பிரேக்கைக் கெடுப்பவை தண்ணீர், சேறு, நீண்ட நாள் சும்மா நிற்பது ஆகிய மூன்றும்தான். குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் இரவு பகலாகக் கொள்முதல் நிலையத்துக்கு ஓடும் வண்டி, இடையில் ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நிற்கிறது. ஓடும் நாட்களிலும் வாய்க்கால் உடைப்புத் தண்ணீரையும் வயலோரக் களிமண்ணையும் மிதித்துத்தான் ஓடுகிறது. டிரம்முக்குள் புகுந்த நயமான வண்டல் காய்ந்ததும் அரைப்புப் பொடியாகிவிடுகிறது. வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டியிலும், நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றும் வண்டியிலும் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அத்துடன், தரை சமமாக இருப்பதால் ஹேண்ட் பிரேக் செத்துப்போனது யாருக்கும் தெரிவதில்லை. ஆற்றங்கரை ஏற்றத்தில் ஒருநாள் சுமையோடு நிறுத்த நேரும்போதுதான் தெரிகிறது. 40 கிலோச் சிப்பம் முப்பது ஏற்றினாலே 1,200 கிலோ பின் அச்சின் மேல் உட்காருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்களில் பின் பிரேக் துணைக்கு இருப்பது. சுமை ஏற்றிய பிக்கப்பில் அது சரிபாதி வேலையாள்.

வீட்டில் செய்யலாமா என்றால், ஸ்பானர் பிடித்துப் பழகியவராகவும், ஒரு முழு நாளை ஒதுக்கக்கூடியவராகவும் இருந்தால் செய்யலாம். டிரம் கடைவதையும் ரிவிட் அடிப்பதையும் மட்டும் லேத்துப் பட்டறைக்கும் லைனிங் கடைக்கும் விட்டுவிடுங்கள். பிரேக் குழாய் துருவேறி உதிர்ந்திருந்தாலோ மாஸ்டர் சிலிண்டர் மீது சந்தேகம் இருந்தாலோ தனியாக இறங்காமல், அனுபவமுள்ள மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வண்டியைச் சிமெண்டுத் தளத்தில் நிறுத்துங்கள். நம் ஊர் மண் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். ஜாக்கி ஒரு பக்கமாக அமிழ்ந்துவிடும். வேறு இடமில்லை என்றால் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வையுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தூக்கியபின் அச்சின் அடியில் ஸ்டாண்டு வைத்து, அதன் மேல் எடை இறங்கிய பிறகே கீழே கையை நீட்டுங்கள். ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்க வேண்டும் என்பதால் இந்தக் கட்டைகள்தான் வண்டியைப் பிடித்திருக்கின்றன. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுத்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

டிரம் எளிதில் வராது. பல வண்டிகளின் டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும்; அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். அது இல்லையென்றால் நடுத்துளையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் கழித்து, ஸ்டட்டுகளுக்கு இடைப்பட்ட முகத்தில் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் அடிக்காதீர்கள், டிரம் வார்ப்பிரும்பு, விரிசல் விடும். சிறிது நகர்ந்தபின் மாட்டிக்கொண்டால், தேய்மானத்தால் டிரம்மின் உள்விளிம்பில் உண்டான வரப்பில் ஷூ இடிக்கிறது என்று அறிந்து, ஷூக்களைத் தாங்கும் பின்தகடான பேக் பிளேட்டில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு இழுங்கள். சில பிக்கப்களில் ஹப்பின் நடுவே வட்டமாக போல்ட் போட்ட ஆக்சில் ஷாஃப்டை முதலில் உருவி, பிறகு ஹப்போடு டிரம்மை எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பது சக்கரத்தைக் கழற்றியவுடனே தெரிந்துவிடும்.

டிரம் கழன்றதும் உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். பட்டறைகளில் கம்ப்ரஸர் காற்றை அடித்து அதைப் பறக்கவிடுவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. கல்நார் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தூளை நனைத்து, கீழே தட்டு வைத்துப் பிரஷ்ஷால் கழுவி வழித்தெடுங்கள். துடைத்த துணியை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இப்போது அந்த ஈரத்துக்கு வருவோம். பின் சக்கரத்தில் ஒழுகக்கூடியவை இரண்டு: ஷூக்களை விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில், அச்சின் ஆயில் சீல் வழியாக கிரவுன் ஆயில் (பின் அச்சின் கியர் ஆயில்). பழகிய மூக்குக்குக் கிரவுன் ஆயிலின் கந்தக நெடி உடனே தெரியும். பழகாதவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, ஈரத்தைத் தொட்ட விரலை அதில் விட்டுப் பார்க்கலாம்; பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், கிரவுன் ஆயில் படலமாக மிதக்கும். சிலிண்டருக்கு நேர்கீழே பேக் பிளேட்டின் பெயிண்ட் உரிந்திருந்தால் அதுவும் பிரேக் ஆயிலின் வேலைதான்.

ஒழுகுவது கிரவுன் ஆயில் என்றால் சீலை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். அச்சு ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சிறு மூச்சுக்குழல் இருக்கிறது. நம் பக்கத்து வண்டிகளில் அது பெரும்பாலும் சேறு அப்பி அடைத்துக் கிடக்கும். ஓட ஓட உள்ளே சூடாகி விரியும் காற்றுக்கு வெளியேற வழியில்லாததால், அது ஆயிலைச் சீலின் உதட்டு வழியாகத் தள்ளுகிறது. புதுச் சீலும் இப்படித்தான் மூன்று மாதத்தில் ஒழுகத் தொடங்குகிறது. இதற்கு நேர்மாறாக, சூடான அச்சு வாய்க்கால் தண்ணீரில் சட்டென்று முழுகிக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கிரவுன் ஆயிலைச் சிறிது எடுத்துப் பாருங்கள். மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் சீல் நிற்காது.

அடுத்து ஷூக்களைக் கழற்றுவது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரிக்காதீர்கள். கைபேசியில் படம் எடுத்திருந்தாலும், ஸ்பிரிங் எந்தத் துளையிலிருந்து எதற்குப் போகிறது என்ற ஐயம் வரும்போது, கட்டியபடியே இருக்கும் மறுபக்கம்தான் சரியான வழிகாட்டி. முன்பக்க ஷூ, பின்பக்க ஷூ என்று சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். மேலே ஒரு சிலிண்டரும் கீழே நிலையான முளையும் உள்ள வகையில், வண்டி முன்னே போகும்போது சுழலும் டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக அழுத்திக்கொள்கிறது. பின்பக்க ஷூவைத் தள்ளிவிடுகிறது. ஆகவே முன்பக்க லைனிங் அதிகமாகத் தேய்வது இயல்பு. அது தேயாமல் பின்னது தேய்ந்திருந்தால், அல்லது ஒரே லைனிங் மேலே தடிப்பாகவும் கீழே மெலிந்தும் இருந்தால், பிஸ்டன் ஒன்று சிக்கியிருக்கிறது அல்லது ஷூ நகரும் இடத்தில் தடை இருக்கிறது. இரண்டு ஷூக்களும் கீழே அட்ஜஸ்டரால் இணைந்து மிதக்கும் வகை வண்டியில் லைனிங் ஒன்று குட்டையாகவும் மற்றது நீளமாகவும் இருக்கும். குட்டையானது முன்பக்கம் போக வேண்டும். இதை மாற்றிப் போட்டு ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலை முழுவதிலும் அதிகக் கவனம் கேட்பது வீல் சிலிண்டர். ரப்பர் உறையின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் விட்டுவிட்டது. பிஸ்டன்களை வெளியே எடுத்து உட்சுவரைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய கறை மட்டும் என்றால் நயமான எமரித் தாளைச் சுற்றுவாட்டில் ஓட்டிப் போக்கிவிட்டு, ரிப்பேர் கிட் போடலாம். ஊசி குத்தியதுபோலப் பள்ளங்கள் இருந்தால் கிட் போடுவது வீண்; சிலிண்டரையே மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அந்த ஈரம் குழாயின் கடைக்கோடியான வீல் சிலிண்டரில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. கடற்காற்று வீசும் பகுதியில், ஆயிலை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியில் பள்ளம் இல்லாத சிலிண்டரைப் பார்ப்பது அரிது. கிட்டுக்கும் புதுச் சிலிண்டருக்கும் உள்ள விலை வேறுபாட்டைப் பார்த்து மனம் தடுமாற வேண்டாம். மறுபடி பிரிக்கும் கூலியும் கெட்டுப்போகும் லைனிங்கும் அதைவிட அதிகம்.

கழுவும் முறையில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். வேலை பழகிய காலத்தில் என் மைத்துனரின் வண்டிக்குப் புதுக் கிட் போட்டேன். சிலிண்டரையும் பிஸ்டனையும் வழக்கம்போல மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புதுக் கப்பையும் அதே தட்டில் ஒரு முறை அலசிப் பொருத்தினேன். முதல் நான்கு நாள் பிரேக் அருமையாகப் பிடித்தது. ஐந்தாம் நாள் பாபநாசம் அருகே வண்டி நகரவே மறுத்தது. பின் சக்கரங்கள் பிடித்தபடியே நின்றுவிட்டன. பிரித்துப் பார்த்தால் கப்கள் ஊதிப் பெருத்து சிலிண்டருக்குள் ஆப்புப்போல இறுகியிருந்தன. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவுமே பிரேக் ரப்பரைத் தொடக்கூடாது. சுத்தமான ஸ்பிரிட்டால் அல்லது புதுப் பிரேக் ஆயிலால் மட்டும் கழுவுங்கள். பொருத்தும்போது பிரேக் ஆயிலைத் தடவுங்கள். கப்பின் உதடு, அழுத்தம் வரும் பக்கமான உட்புறத்தைப் பார்க்க வேண்டும். யாரோ முன்பே பிரேக் ஆயில் டேங்கில் தவறான ஆயிலை ஊற்றியிருந்து, மாஸ்டர் சிலிண்டர் மூடியின் ரப்பர் உப்பியிருப்பதைக் கண்டால், வண்டி முழுவதும் உள்ள கப், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சிலிண்டரைக் கழற்றுமுன் அதற்குள் வரும் இரும்புக் குழாயின் நட்டை இளக்க வேண்டும். சாதாரண ஸ்பானர் அந்த மெல்லிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே ஐந்து முகத்தையும் தழுவிப் பிடிக்கும் ஸ்பானர் இருக்கிறது, அதை வாங்கவோ இரவல் பெறவோ தயங்காதீர்கள். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுகினால் உடனே நிறுத்தி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஆயில் வழிவதை நிறுத்த வேப்பங்குச்சியைச் செருகும் பழக்கம் நம்மூரில் உண்டு. அதன் சிம்பு குழாய்க்குள் தங்கிவிடும். ரப்பர் மூடி போடுங்கள்.

டிரம்மைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து உட்பரப்பைப் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்படும் வரிகளும் உள்விளிம்பில் வரப்பும் இருந்தால் லேத்தில் கடைய வேண்டும். அளவில்லாமல் கடையக்கூடாது. உச்ச விட்டம் எவ்வளவு என்று டிரம்மிலேயே வார்த்திருப்பார்கள். கடைந்தபின் அந்த அளவைத் தொட்டுவிடும் என்றால் டிரம்மைத் தூக்கிப் போடுங்கள், ஏனெனில் மெலிந்த டிரம் அழுத்தத்தில் விரியும், சூட்டைத் தாங்காது, பிஸ்டன்களும் தம் எல்லையைத் தாண்டி வெளியே வரவேண்டியிருக்கும். இரண்டு பக்க டிரம்களும் ஏறத்தாழ ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கடைந்து பூட்டினால் இழுப்பு போகாது. உட்பரப்பில் நீலம் பாய்ந்த திட்டுகள் சூடேறியதன் அடையாளம். முடிபோன்ற விரிசல் ஆழமாக ஓடியிருந்தால் கடைவதில் பயனில்லை. கடைந்து வந்த டிரம்மை, அல்லது துரு வராமல் எண்ணெய் பூசி விற்கும் புது டிரம்மை, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் மாட்டாதீர்கள்.

லைனிங்கைப் பொறுத்தவரை, ரிவிட் வகையில் ரிவிட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் குடித்த லைனிங் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி எண்ணெயை எரித்துவிட்டு மறுபடி போடும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். மேற்பரப்பில் எரிந்தாலும் உள்ளே ஊறியது பிரேக் சூடாகும்போது மீண்டும் கசியும், கொளுத்தியதில் லைனிங்கைக் கட்டியிருக்கும் பிசினும் கெட்டுப்போகும். மாற்றும்போது நான்கு ஷூக்களுக்கும் ஒரே தயாரிப்பாளரின், ஒரே ரகத்தின் லைனிங்கைப் போடுங்கள். சென்னையிலேயே தயாராகும் தரமான லைனிங்குகள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் எளிதில் கிடைக்கும்போது, பெயரில்லாத பெட்டியில் வருவதை வாங்க அவசியமில்லை. ரிவிட் அடிப்பவர் நடுவில் தொடங்கி இரு ஓரங்களை நோக்கி அடிக்கிறாரா என்று பாருங்கள். ஓரங்களில் தொடங்கினால் நடுவில் லைனிங் ஷூவோடு ஒட்டாமல் தூக்கிக்கொள்ளும். விரல் நகத்தை லைனிங்குக்கும் ஷூவுக்கும் இடையே எங்கே நுழைத்தாலும் நுழையக்கூடாது.

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உராயும் சிறு மேடுகள் உண்டு. யாரும் கவனிக்காத இந்த மேடுகளில் ஆண்டுக்கணக்கில் பள்ளம் விழுந்து, ஷூ அதில் விழுந்து சிக்கிக்கொள்வதால்தான் பிரேக் விட்டபின்னும் சக்கரம் உராய்கிறது, அல்லது இரைச்சல் கேட்கிறது. பள்ளத்தை வெல்டு வைத்து நிரப்பி, அரம் போட்டுச் சமமாக்கி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். கொஞ்சம் கூடினாலும் அது லைனிங்குக்குப் போய்ச் சேரும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகளின் சுருள்களுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் அவை தளர்ந்துவிட்டன, மாற்றுங்கள்.

அட்ஜஸ்டரைப் பிரித்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரை கையால் சுழலும்வரை சுத்தம் செய்து, அதே கிரீஸைத் தடவுங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் நட்சத்திரச் சக்கர வகையில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர். மாற்றிப் போட்டால் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிக்கொண்டே போகும். உங்கள் பெடல் ஆழமாக இறங்குவதற்கு முந்தைய பட்டறை இப்படி மாற்றிப் போட்டதும் காரணமாக இருக்கலாம், பாருங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் சேறும் துருவும் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு உயிர்ப்பிக்க முயல வேண்டாம், ஓரிரு மாதத்தில் மறுபடி இறுகும். புதுக் கேபிள் போடுங்கள். ஷூ சரிசெய்து முடியும்வரை கேபிள் தளர்வாகவே இருக்கட்டும். கேபிளை முதலில் இழுத்துக் கட்டிவிட்டு ஷூவைச் சரிசெய்தால், ஷூ தன் இருப்பிடத்தில் உட்காராது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.

கட்டும்போது கையைக் கழுவிக்கொண்டு லைனிங்கைத் தொடுங்கள். டிரம் மிக லேசான உராய்வோடு உள்ளே போகும் அளவுக்கு அட்ஜஸ்டரை வைத்து, சக்கரம் சுழலாமல் இறுகும்வரை திருப்பி, பெடலை ஒருமுறை மிதித்து ஷூக்களை நடுப்படுத்தி, பிறகு ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தி, எங்கோ மெல்ல உரசும் ஓசையோடு சக்கரம் தடையின்றிச் சுழலும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபக்கத்தையும் இதேபோல முடித்தபின்தான் கேபிளை இழுக்க வேண்டும்.

இனிக் குழாயிலிருந்து காற்று எடுப்பது. பிரேக் ஆயில் டேங்கின் மூடியில் அச்சிட்ட ரகத்தை மட்டும், புதிதாகத் திறந்த டின்னிலிருந்து ஊற்றுங்கள். டாட் 3 என்ற ரகத்தின் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி, 3.7 விழுக்காடு தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140ஆக இறங்குகிறது. டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. பாதி தீர்ந்து மூடி திறந்து கிடந்த டின்னை வைத்துச் செய்யும் வேலைக்கு மதிப்பில்லை. நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், தொலைவிலுள்ள இடப்பக்கப் பின் சக்கரத்தில் தொடங்கி, வலப்பக்கப் பின் சக்கரம், இடப்பக்க முன் சக்கரம், வலப்பக்க முன் சக்கரம் என்ற வரிசையில் வாருங்கள். சக்கரத்தில் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முழுக வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடி, மூடிய பிறகே 'விடு' என்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு ஒருமுறை தவறினாலும் காற்று திரும்பிப் போய்விடும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கவிடக்கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆண்டுக்கணக்கில் போகாத அடிப்பகுதியில் துருவும் கசடும் இருக்கும். அங்கே கப் போய் உரசினால், நல்ல நிலையில் இருந்த மாஸ்டர் சிலிண்டர் அன்றே ஒழுகத் தொடங்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். இரண்டாவது, பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கிறது; சுமை ஏறி வண்டி இறங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். சேஸிஸைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டுக் காற்று எடுத்தால் இந்த வால்வு பாதி மூடியிருக்கும், எவ்வளவு மிதித்தாலும் பின் பக்கம் ஆயில் சரியாக வராது. அச்சின் அடியில் ஸ்டாண்டு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கம்பியும் பெரும்பாலும் சேற்றில் இறுகியிருக்கும், அல்லது எவரோ அவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். அது அசைகிறதா என்று பாருங்கள். சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

என்ஜின் ஓடும்போது பெடல் ஒரே மிதியில் உயரமாகவும் கெட்டியாகவும் நிற்கிறது என்று உறுதியான பிறகே வண்டியை நகர்த்துங்கள். புது லைனிங் முதல் நாள் முழுமையாகப் பிடிக்காது. கடைந்த டிரம்மின் வளைவுக்கு அது பொருந்திவரச் சற்று ஓட வேண்டும். விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத சாலையில், சுமையின்றி, மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து மிதமாகப் பிடித்து வேகத்தைக் குறைப்பதை இருபது முறையாவது, இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். பிறகு கீழே இறங்கி நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் காட்டிப் பாருங்கள்; முன்பக்கம் டிஸ்க் என்றால் பின்பக்க இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அது உராய்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை. ஒரு வாரம் பாதிச் சுமையோடு ஓட்டி, 500 கிலோமீட்டருக்குள் இடைவெளியை மறுபடி சரிசெய்து, நிப்பிளும் குழாய் நட்டும் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டியிருப்பதால், அதற்குச் சில வாரம் முன்பு டிரம்மை ஒருமுறை கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வது வசதி.

மழைக்காலத்தில் தண்ணீரைக் கடந்து கரையேறியதும், பெடலில் காலை லேசாக வைத்தபடி சிறிது தூரம் ஓட்டினால் லைனிங் காய்ந்துவிடும். பல நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். ஈர லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும், பிறகு வண்டியை எடுக்கும்போது லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து வருவதும் உண்டு. முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை நூறடி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தினால் அட்ஜஸ்டரும் பிஸ்டனும் இறுகாமல் இருக்கும்.